எண்ணூறு சிசிக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

நீங்களே சொல்லுங்க, சொந்தக் கார் மலை ஏறயில கொஞ்சம் வேகமாப் போகோணும்னு ஒரு மனுசன் ஆசப்பட்டா அது குத்தமுங்களா? இல்லீல்ல? அதத்தான் நானும் கேக்கறேன். சொந்தக்காரங்க ஒருத்தரும் ஒத்துக்க மாட்டீங்கறாங்க.

அட, நீங்க சன்னலோரமே இருங்க. எனக்கு இந்த ரோடு மனப்பாடம், வாரா வாரம் வர்றேன். இப்பத்தான் ஆழியாறு தாண்டியிருக்கு, இனிமேத்தான் வளைவெல்லாம். மொதத் தடவைங்களா வால்பாறைக்கு? பேங்க்குல மாத்தலா? நல்லதுங்க. ஊரு நல்ல ஊரு. மழதான் கொஞ்சம் சாஸ்தி. ஒரு நல்ல கொடையா வாங்கிக்கோங்க.

என்ற பேரு தெய்வசிகாமணிங்க. கோயமுத்தூர் கணபதியில ரெண்டு லேத்து போட்டு பம்புக்கு சாஃப்ட் கடஞ்சு குடுக்கறேன். வண்டி ஒண்ணு இருக்குது, எண்ணூறு சிசி, வெள்ளக் கலரு. வாங்கிப் பதினெட்டு வருசமாச்சு. தரையில அது பாட்டுக்கு ஓடும். மலைன்னா மட்டும் கொஞ்சம் பெருமூச்சு உடும். ஏறோணும்னா ஏசிய நிறுத்தோணும். ஏசிய நிறுத்தியும் ஏறலீனா ஊட்டுக்காரிய எறக்கி உடோணும். அட, ஒரே ஒருவாட்டிதானுங்க எறக்கி உட்டேன். அடுத்த வளைவுல ஏத்திக்கிட்டனில்ல?

ஊட்டுக்காரி பேரு துளசிமணி. அவளுக்குப் பொறந்த ஊரு வால்பாறை. மாமனாரு அங்க பாத்திரக்கடை வெச்சிருக்காரு. துளசிக்கு ஒரு தங்கச்சி, கோகிலா. அந்தக் கோகிலாவக் கட்டுனவன் மயில்சாமி, எனக்குச் சகலை. திருப்பூர்ல பனியன் கம்பெனி. எனக்கு எட்டு வயசு சின்னவன், ரொம்ப மரியாதையானவன். அவன்கிட்ட இருக்கற கெட்ட பழக்கமே அதுதானுங்க.

எல்லாத்துக்கும் மூலகாரணம் போன வருசத் தீவாளி. நானும் துளசியும் மாமனாரு ஊட்டுக்குப் போய்க்கிட்டிருக்கோம். ஏசி இல்ல, மொத கியர்ல வண்டி மொனகிக்கிட்டு ஏறுது. பின்னாடி வந்தான் மயில்சாமி, பெரிய டீசல் வண்டியில. ஆரன் கூட அடிக்கலீங்க. அடிச்சிருந்தாலாவது நாலு வார்த்தை திட்டியிருப்பேன். லைட்ட ஒருவாட்டி மினுக்கிட்டு, என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டுட்டு முந்திப் போறான். கும்புடறானுங்க! சின்ன மக ஊட்டுக்குப் போயிருந்த என்ற மாமியாளும் அந்த வண்டியில. எனக்கு டாட்டா காட்டுது. மாமியா மருமகனுக்கு டாட்டா காட்டி எங்கயாவது பாத்திருக்கீங்களா?

சொல்றதுக்கென்ன, அழுகையே வந்துருச்சு. வேர்வைன்னு சொல்லித் தொடச்சுக்கிட்டேன். இந்த நேரத்துல பக்கத்துல இருக்கற பொண்டாட்டி என்ன சொல்லோணும்? "உடுங்க, அடுத்த தீவாளிக்கு நாம முந்தலாம்"னு சொல்லோணுமில்ல? இவ என்ன சொன்னா தெரியுங்களா? "அங்க பாருங்க, வரையாடு நிக்குது. ரெண்டு குட்டியோட"ங்கறா.

மேல போய்ச் சேந்தா, அவன் குளிச்சு, துணி மாத்தி, டீ டம்ளரோட வாசல்ல நிக்கறான். "மெதுவா வாங்கண்ணா, ஒண்ணும் அவசரமில்லீங்க"ங்கறான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

அதுக்கப்பறம் ரோசன பண்ண ஆரம்பிச்சேன். சும்மா இல்லீங்க, முறையா ரோசன பண்ணுனேன். பெங்களூர்ல வேல பாக்கற பையன்கிட்டப் போன் பண்ணிக் கேட்டேன். "அப்பா, அத வித்துப்போட்டு வேற வண்டி வாங்குங்க"ங்கறான். வண்டி வாங்கறதுல என்னங்க இருக்குது? காசு இருக்கறவன் எவனும் வாங்குவான். மயில்சாமி வாங்குனான், நானும் வாங்குனா அவன் பின்னாடி போனதா ஆகாதுங்களா? அதே எண்ணூறு சிசியில அவன முந்தோணும். அதுலதான் கெத்து.

துளசி ஒரு வழி சொன்னா. "பஸ்ஸுல போலாமுங்க. அக்கடான்னு உக்காந்துட்டு வரலாம்." பாருங்க ரோசனைய! கார் வெச்சிருக்கறவன் பஸ்ஸுல போவானுங்களா? இப்ப நான் போறது வேற விசயம். அதச் சொல்றேன்.

இன்ஜினுக்கு வேகம் எப்படி வருதுங்கறீங்க? காத்துலதான். அடுப்புல ஊதாங்குழல் வெச்சு ஊதுனா எப்படித் தீ தெகதெகன்னு புடிக்குது? அதே மாதிரி இன்ஜினுக்குள்ள காத்த ஊதி அமுக்குனா, பெட்ரோலும் கூடச் சேந்து எரிஞ்சு, சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் வேலையச் செய்யும். அந்த ஊதற சாமானுல ரெண்டு சாதி. ஒண்ணு டர்போ. வெளிய போற பொகையில சுத்தும். நல்லதுதான். ஆனா பொக வேகமா வந்தாத்தான் அது முழிக்கும். மலையில மொத கியர்ல மொனகறப்ப அது தூங்கிட்டு இருக்கும். முழிச்சு வர்றதுக்குள்ள மயில்சாமி போயிருவான். இன்னொண்ணு சூப்பர்சார்ஜர். இன்ஜினோட பெல்ட்டுலயே சுத்தும். மிதிச்ச ஒடனே ஊதும். கேள்வியே இல்ல. நமக்கு அதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆனா வெல? வெளிநாட்டுல இருந்து செட்டா வரவழைக்கலாம்னு பையன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னான். "அப்பா, உங்க வண்டிய வித்தா வர்ற பணம் அதோட கப்பல் கூலிக்குக் கூடப் பத்தாதுப்பா"ன்னு சிரிக்கறான். ரேஸ் வண்டி பண்ற ஒருத்தர்கிட்டப் போனேன். அவரு வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. "பண்ணலாமுங்க. சூப்பர்சார்ஜர் மட்டும் பத்தாது. பிஸ்டன் மாத்தோணும், கேஸ்கெட் மாத்தோணும், ரேடியேட்டர் பெருசா வெக்கோணும், அப்பறம் பிரேக்கும்"னாரு. "அப்ப பழசுல என்னங்க மிச்சமிருக்கும்?"னேன். "நம்பர் பிளேட்டு"ங்கறாரு. குசும்பு! அதோட அந்தப் பக்கம் போகறதயே உட்டுட்டேன்.

நமக்கெதுக்குங்க அதெல்லாம்? கோயமுத்தூர்ல ஒரு வழக்கம் உண்டு, உங்க ஊர்ப்பக்கம் எப்படியோ. எங்களுக்கு டிராயிங் வேண்டாம், கணக்கு வேண்டாம். சாம்பிள் குடுத்தாப் போதும். செர்மனிக்காரன் சாமான காலையில கொண்டாந்து மேசையில வெச்சீங்கன்னா, பொழுதோட அதுக்கு ரெண்டு தம்பி பக்கத்துல உக்காந்திருக்கும். பாதி ஊரு அதுலதான் பொழைக்குது.

உக்கடத்துல சிராஜ் பாய்னு ஒருத்தரு பழைய இரும்புக் கடை வெச்சிருக்காரு. அவருகிட்ட ஒரு சூப்பர்சார்ஜர் கெடந்துச்சு. சப்பான்ல, நம்ம வண்டி மாதிரியே சின்ன வண்டியில இருந்து கழட்டுனதாம். உள்ள ரெண்டு உருளை, ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிச்சுட்டுச் சுத்தும். வெல கேட்டேன். வானத்துக்குச் சொல்றாரு. "பாய், எனக்கு அது வேண்டாம். சாம்பிளுக்கு மட்டும் குடுங்க"ன்னேன். "ஞாயித்துக்கெழமை கொண்டு போங்க, திங்கக்கெழமை கொண்டாந்துருங்க"ன்னாரு. நல்ல மனுசன்.

அந்த ஒரு நாளுல அத அக்கக்காப் பிரிச்சு அளவெடுத்தேன் பாருங்க. ஒரு முடி மாறல. உருளையில எங்க குழி இருந்துச்சோ அங்க குழி. எங்க தேஞ்சிருந்துச்சோ அங்க அதே அளவுக்குத் தேய்ச்சேன். மேல் மூடியில ஒரு ஓரத்துல சப்பையா ஒரு நசுங்கல் இருந்துச்சு. அது எதுக்குன்னு எனக்கு மொத வெளங்கல. ஆனா சப்பான்காரன் காரணமில்லாம வெப்பானுங்களா? காத்து திரும்பறதுக்கு வெச்சிருப்பான்னு அதையும் அச்சு அசலாக் கொண்டாந்துட்டேன். அந்த நசுங்கலக் கொண்டாறதுக்கு மட்டும் அரை நாள் ஆச்சுங்க. சாமான் முடிஞ்சதும் கொண்டு போயி பாய்கிட்டப் பெருமையாக் காட்டுனேன். அவரு விழுந்து விழுந்து சிரிக்கறாரு. "அது லாரியில இருந்து எறக்கறப்பக் கீழ விழுந்ததுங்க"ங்கறாரு. எனக்குத் தெரியும், நாம பாத்தே பண்ணிட்டமேன்னு அவருக்கு வயித்தெரிச்சல்.

அலுமினியம் எங்க புடிச்சேன்னு கேக்கறீங்களா? அது ஒரு கத. கடையில வாங்குனா எல்லாம் கலப்படம். ஊட்ல துளசியோட சீர்ப் பாத்திரம் கெடந்துச்சு. பெரிய அண்டா, அதுக்குத் தக்கன மூடி, ரெண்டு தேக்சா. எல்லாம் மாமனாரு கடைச் சரக்கு, கனமான சாமான். இருபத்தஞ்சு வருசமாப் பரண்லதான் இருக்குது, வருசத்துக்கு ஒருவாட்டி எறக்கித் தொடச்சு மறுபடி மேல ஏத்துவா. உருக்கிட்டேன். துளசிகிட்டக் கேட்டுட்டுத்தானுங்க. "அண்டாவ எடுத்துக்கறேன் அம்மிணி"ன்னேன். "எடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டா. "எடுத்தாச்சு"ன்னேன். "சரிங்க"ன்னுட்டா. அவ ஒருநாளும் எதுக்க மாட்டா. அந்த வகையில நான் குடுத்து வெச்சவன்.

மாட்டறதுல ஒரு சின்னச் சிக்கல். இன்ஜின் கிட்டத்துல எடமில்ல. ஏசி கம்ப்ரசர் இருக்கற எடம் ஒண்ணுதான் தோது. சரி, மலையில எப்படியும் ஏசி போடப் போறதில்ல, அது எதுக்குன்னு கழட்டிப்போட்டேன். அப்பறம் பாரத்தக் கொறைக்கோணுமில்ல? பின் சீட்டு கழட்டுனேன். ஸ்டெப்னி கழட்டுனேன். துளசி வந்து பாத்துட்டு, "ஏனுங்க, பின்னாடி சீட்டு இல்லீனா வழியில பாக்குற ஒரம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் எங்க உக்காருவாங்க?"ன்னா. "ஒரம்பரைய ஏத்தறதுக்கா இத்தன பாடுபடறோம்?"னு கேட்டேன்.

ஒரு காலையில பைபாஸ்ல ஓட்டிப் பாத்தேன். ஐயோ, என்னத்தச் சொல்றது! வண்டி அப்படியே பறக்குது. சத்தம் இருக்குதே, ஏரோப்பிளேன் கெட்டுது போங்க. பக்கத்துல போற லாரிக்காரனே ஒதுங்கி வழி உடறான். இதக் கேட்ட பையன், "அப்பா, ஏசி, சீட்டு, ஸ்டெப்னி எல்லாங் கழட்டுனா எந்த வண்டியும் வேகமாத்தான் போகும்"ங்கறான். படிச்ச புள்ளைங்ககிட்ட இதுதாங்க தொல்ல. கண்ணு முன்னால இருக்கற விஞ்ஞானத்த நம்ப மாட்டாங்க.

இதுக்குள்ள மச்சினனுக்குக் கல்யாணம் குதிர்ந்துச்சு. துளசிக்கும் கோகிலாவுக்கும் ஒரே தம்பி, பூபதி. கல்யாணம் வால்பாறையிலயே. எங்க பக்கத்துக் கல்யாணத்துல இணைச்சீருன்னு ஒண்ணு உண்டுங்க. முகூர்த்தத்துக்கு மொத நாள் பொழுதோட, மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவள மணையில உக்கார வெச்சுச் சீர் செய்வாங்க. கூறைச்சேலையோட ஒரு நுனி அவ கையில, மறு நுனி மாப்பிள்ளைகிட்ட. கல்யாணம் ஆனாலும் உன்னைய உட்டுட மாட்டேன்னு தம்பி அக்காளுக்குச் சொல்ற மாதிரி. ஒருத்திக்குத்தான் அது. துளசி மூத்தவ, அவளுக்குத்தான் மொற.

அவளுக்கு அது பெரிய விசயமுங்க. பூபதி பொறந்தப்ப இவளுக்குப் பதிமூணு வயசு. மாமியா கடையப் பாத்துக்க, இவதான் அவன இடுப்புல தூக்கி வளத்தது. அவனுக்குப் பல்லு மொளச்சது, மொத வார்த்த பேசுனது எல்லாம் இவ இடுப்புல. இவளக் கட்டிக்கிட்டு வர்றப்ப வண்டிக்குப் பின்னாடியே ஓடியாந்தான் பையன். இவ அன்னைக்கு அழுத அழுக இருக்குதே! கல்யாணம் முடிவானதுல இருந்து ஒரே பேச்சு. "எனக்குச் சீல வேண்டாமுங்க, நக வேண்டாமுங்க. இணைச்சீருக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்தாப் போதுமுங்க"ன்னு தெனமும் சொல்லுவா. நான் சொன்னேன், "அம்மிணி, நீ நேரத்துக்குப் போறது மட்டுமில்ல, உன்ற தங்கச்சிக்கு முன்னாடியே போற. அதுக்கு நானாச்சு"ன்னேன்.

இணைச்சீரு அன்னைக்கு மத்தியானம் மயில்சாமி போன் பண்றான். "அண்ணா, நாங்க கோயமுத்தூர் வழியாத்தான் போறமுங்க. நங்கையாள எங்க வண்டியில கூட்டிக்கறமுங்க. நீங்க உங்க வண்டியில நெதானமா வாங்க"ங்கறான். நங்கையான்னா பொண்டாட்டியோட அக்கா. அந்த நெதானமாங்கற வார்த்தையக் கவனிச்சீங்களா? ஊசி ஏத்தறான். "தேவையில்ல, அவ என்ற வண்டியில எனக்குப் பக்கத்துல, முன்னாடி சீட்டுல வருவா"ன்னு போன வெச்சுட்டேன். துளசி பக்கத்துல நின்னா. பட்டுச்சீல கட்டி, தலை நெறையப் பூ வெச்சு. "போயிருக்கலாமில்லீங்க?"ன்னா மெதுவா. "இந்த நாளுக்காகத்தான் இத்தன பண்ணுனேன், எம்மேல உனக்கு நம்பிக்க இல்லியா?"ன்னு கேட்டேன். ஏறி உக்காந்துட்டா.

பொள்ளாச்சி வரைக்கும் ராசா மாதிரி வந்தோம். ஆழியாறு தாண்டி மொத ரெண்டு வளைவு, ஆகா! சத்தம் மலையில மோதித் திரும்பி வருது. துளசி காதப் பொத்திக்கிட்டா. ஆனந்தத்துல பொத்திக்கிட்டாளோ என்னமோ. அப்பறம் கொஞ்சம் சூடு ஏறுச்சு. அப்பறம் கொஞ்சம் அதிகமா ஏறுச்சு. அந்தா, அந்த வளைவு தெரியுதுங்களா, வெள்ளையடிச்ச கட்டச் செவுரு? அங்கதானுங்க, பானட்டுக்குள்ள இருந்து பொக. எறங்கித் தொறந்தா ரேடியேட்டர் கொதிக்குது.

நானு பயப்படலீங்க. ஆற உட்டா சரியாப் போகும். துளசி அந்தச் செவுத்து மேல உக்காந்தா. மணிய மட்டும் பாக்கறா. ஒரு பஸ்ஸு போச்சு. கைய நீட்டலாமான்னு என்னையப் பாத்தா. நான் தலைய ஆட்டிட்டேன். ஒரு அஞ்சு நிமிசந்தான்னு சொன்னேன். அந்த அஞ்சு நிமிசத்த நாலஞ்சுவாட்டி சொல்ல வேண்டியதாப் போச்சு.

அப்பத்தான் வந்தான் மயில்சாமி. வண்டிய ஓரங்கட்டி எறங்கி ஓடியாந்தான். "அண்ணா, என்னாச்சுங்க?"னான். ஒண்ணுமில்லேன்னேன். கோகிலா சன்னல் வழியா, "அக்கா, வாக்கா, நேரமாச்சு, எடமிருக்குது"ன்னு கூப்புடறா. ஒரு எடம் இருந்துச்சு. துளசி எந்திரிச்சா. பைய எடுத்துட்டா. ரெண்டு எட்டு வெச்சுட்டா.

நீங்களே சொல்லுங்க. அவ மட்டும் அந்த வண்டியில ஏறிப் போய் எறங்குனா, மண்டபத்துல நூறு பேரு என்ன கேப்பாங்க? "மூத்த மருமகன் எங்க?"ம்பாங்க. "வழியில நின்னுட்டாரு"ம்பாங்க. அப்பறம் இந்த ஊருல நான் தலை காட்ட முடியுங்களா? "துளசி, நீ அதுல ஏறுனீன்னா நான் தோத்தேன்னு அர்த்தம்"னு சொன்னேன். அவ்வளவுதானுங்க சொன்னேன். கையப் புடிச்சு இழுக்கல, திட்டல. மயில்சாமி, "அண்ணா, சீருக்கு நேரமாச்சுங்க, நங்கையா இல்லாம எப்படிங்க"ன்னு கெஞ்சறான். "நாங்க உனக்கு முன்னாடி இருப்போம், நீ போப்பா"ன்னு அனுப்பி வெச்சேன்.

துளசி என்னையப் பாத்தா. மறுபடியும் போய்ச் செவுத்து மேல உக்காந்தா. பாத்தீங்களா விசுவாசத்த? இந்தக் காலத்துல எந்தப் பொம்பள உக்காருவா?

அப்பறம் நான் ஒரு முடிவு பண்ணுனேன். சூப்பர்சார்ஜரோட பெல்ட்டக் கழட்டிப்போட்டு வண்டிய எடுத்தேன். அதுக்கப்பறம் ஒரு தொந்தரவு இல்லீங்க! மொத கியர்ல மொனகிக்கிட்டு அது பாட்டுக்கு ஏறுச்சு. இதுல ஒண்ணக் கவனிக்கோணும் நீங்க. நாம செஞ்ச சாமான் ஓடாட்டிப் போகுது, ஆனா இன்ஜினக் கெடுக்கல பாருங்க. அதுதாங்க தரம்.

மண்டபத்துக்குப் போறப்பப் பொழுது எறங்கி நல்லா இருட்டிருச்சு. உள்ள போனா சீர் முடிஞ்சிருந்துச்சு. மணையில கோகிலா. கையில கூறைச்சேல. பாவம், அந்தப் புள்ள என்ன பண்ணும்? பெரியவங்க நேரம் தவறக் கூடாதுன்னு அவள உக்கார வெச்சுட்டாங்க. ரெண்டு கண்ணும் செவந்து போயி உக்காந்திருக்கா. பூபதி அக்காளப் பாத்ததும், "எங்கக்கா போயிட்ட?"ன்னான். சின்னப் புள்ளையில கேட்ட மாதிரியே கேட்டான். துளசி அவன் கன்னத்தத் தடவிக் குடுத்தா. "நல்லா இரு சாமி"ன்னா. அப்பறம் அந்தப் பட்டுச்சீலையோட சமையக்கட்டுக்குப் போயி, மறுநாளைக்குக் காய் நறுக்கற பொம்பளைங்களோட உக்காந்துட்டா.

எனக்கு அந்த ராத்திரி மூச்சு உட நேரமில்ல. மண்டபத்துக்கு வெளிய ஒரே கூட்டம், வண்டியப் பாக்கறதுக்கு. பானட்டத் தொறந்து ஒவ்வொருத்தருக்கா வெளக்குனேன். மாமனாரும் வந்து பாத்தாரு. "இது நம்ம கடை அண்டாங்க மாமா"ன்னு தொட்டுக் காட்டுனேன். அவரு அதத் தொட்டுட்டு, துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு. பெரிய மனுசன். பெருமையிலதான்.

கல்யாணம் முடிஞ்சு கெளம்பறப்ப, "நான் ரெண்டு நாள் இருந்துட்டு வர்றனுங்க"ன்னா துளசி. இருக்கட்டும், பொறந்த ஊட்ல இருக்க ஆச இருக்காதான்னு உட்டுட்டு வந்தேன். அது ஆச்சுங்க, தையி, மாசி, பங்குனி. ஊட்ல சோறு நானே ஆக்கிக்கறேன். ஒரு நாளைக்குக் கொழையுது, ஒரு நாளைக்கு வேகல. பொழுதோட லேத்த நிறுத்திட்டு ஊட்டுக்குள்ள போனா, சத்தமே இல்லாம என்னமோ மாதிரி இருக்குது. நெஞ்சுல என்னமோ பெசையற மாதிரி. இப்பக் கூட அப்படித்தான் இருக்குது. இந்த வளைவுக்குச் சில பேருக்கு அப்படித்தான் ஆகும். உங்களுக்கு ஒண்ணும் பண்ணலியா?

பையன்கிட்டச் சொன்னேன், அம்மாள வரச் சொல்லுடான்னு. "அம்மா அங்கயே இருக்கட்டும்ப்பா, நல்லா இருக்காங்க"ங்கறான். அவனுக்கென்ன தெரியும்? நல்லா இருந்தா நம்மள வாரா வாரம் வரச் சொல்லுவாளா? அவதானுங்க கூப்புடறா. வெள்ளிக்கெழமையானா போன் வந்துரும். காரு லேத்து பட்டறையில பிரிச்சுக் கெடக்குது, புது உருளை போட்டுக்கிட்டிருக்கேன். அதனாலதான் பஸ்ஸு.

மொத வாரம், "வர்றப்ப என்ற பருத்திச் சீலையெல்லாம் எடுத்துட்டு வாங்க, இங்க குளிச்சு மாத்திக்க இல்லீங்க"ன்னா. கொண்டு போனேன். அடுத்த வாரம், பள்ளிக்கோடத்துச் சர்ட்டிபிகேட்டு, ஆதார் கார்டு. எதுக்கோ கேட்டாங்களாம். அப்பறம் சாமி ரூம்ல இருந்த அவ அம்மாவப் பெத்த பாட்டி, அம்மத்தா குடுத்த வெளக்கு. அப்பறம் பூபதி சின்னதுல போட்டிருந்த வெள்ளி அரணாக்கயிறு, பீரோ அடியில துணியில சுத்தி வெச்சிருக்கான்னே எனக்குத் தெரியாது. பொம்பளைங்களுக்குச் சொந்தச் சாமான் கிட்ட இருந்தாத்தான் மனசு நெலைக்கும். நானும் மொகங் கோணாமத் தூக்கிட்டு வர்றேன். ஒரு வாரங் கூடத் தவறலீங்க.

இன்னைக்கு அவ தையல் மெசின். உங்க காலுக்கிட்ட இருக்கற சாக்கு மூட்டை அதுதான். கனம்னா கனம். கண்டக்டரு லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டான். அங்க பிளவுஸ் தைக்கக் கடையில எடம் ஒதுக்கிக் குடுத்திருக்காராம் மாமனாரு. பொழுது போகோணுமில்ல? மெசின் இருந்த எடம் நம்மூட்ல இப்பக் காலி. இன்ஜின அங்கதான் எறக்கி வெக்கலாம்னு இருக்கேன். நல்ல வெளிச்சம் அந்தச் சன்னலுக்கிட்ட.

நேத்துப் போன்ல சொன்னா. "இதோட என்ற சாமான் முடிஞ்சுதுங்க. இனி நீங்க மெனக்கெட்டு இந்தப் பஸ்ஸுல இடிபட்டு வர வேண்டாமுங்க"ன்னா. பாருங்க! கோவமா இருக்கறவ பேசற பேச்சுங்களா இது? எனக்கு இடுப்பு வலிக்குமேன்னு அவளுக்குக் கவல. எத்தன தூரத்துல இருந்தாலும் எம்மேல இருக்கற அக்கற கொறையல.

ஏனுங்க, நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி, ஊரு வந்துருச்சு. சித்த இந்த மூட்டைய அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க. மெதுவா, மெதுவா. ஒடஞ்சுதுன்னா அவ தாங்க மாட்டா.